மூடி மட்டும்

படிவத்தில் ஒரு கட்டம்:
என்ன விற்கப் போகிறீர்கள்?
மூடி, என்றாள் ஸுவைனா.
எதற்கு மூடி?
பிளாஸ்க்குக்கு. கஹ்வா குடுவைக்கு.
குடுவையும் விற்பீர்களா?
மாட்டேன். மூடி மட்டும்.

ஸுஹாரில், நீதிமன்றத்துக்குப் பின்தெருவில்,
மூன்று மேசையும் ஒரு பிரிண்டரும் உள்ள தட்டச்சுக் கடை.
பதினோரு வருஷமாக இங்கே
பிறர் வாழ்க்கையைக் கட்டங்களுக்குள் அடித்துத் தருகிறேன்,
பக்கத்துக்கு ஒரு ரியால்.
பட்டியலில் தேடினேன்.
சமையல் பாத்திரம் உண்டு. உதிரிபாகம் உண்டு,
அதற்குள் நுழைந்தால் கார், படகு, கிணற்று மோட்டார்.
மூடி பாத்திரமா, பாகமா?
அலுவலக எண்ணுக்குப் போன் போட்டேன்.
முஹன்னா என்று ஒரு பையன்
கொஞ்சம் பொறுங்கள் என்றவன்
பக்கத்தில் யாரிடமோ கேட்பது காதில் விழுந்தது:
"மூடி இல்லாவிட்டாலும் பாத்திரம் பாத்திரம்தானே?"
யாரோ சிரித்தார்கள். பதில் வரவில்லை.

ஆறு வருஷமாகப் போனிலேயே விற்றிருக்கிறாள்.
மாடிப்படிக்கு அடியில் பதினான்கு பெட்டி,
அளவு வாரியாக, மில்லிமீட்டரில்.
தொலைத்தவர்கள் படம் அனுப்புவார்கள்,
வாய் திறந்து நிற்கும் குடுவைகளை.
ரசீது கேட்டவர் யாருமில்லை,
கடற்கரை விடுதிக்காரர் அறுபது மூடி கேட்கும்வரை.
பில் இல்லாமல் என் கணக்கர் காசு தரமாட்டார், என்றாராம்.
அன்றிரவு தூக்கம் வரவில்லை என்றாள்.
அபராதத்தை நினைத்தா?
இல்லை, இதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டுமே என்று.

முதல் பெயர் வேறொருவரிடம் இருந்தது.
இரண்டாவது பொதுச்சொல்லாம்,
ஒரே ஆளுக்கு எழுதித் தர முடியாதாம்.
மூன்றாவதாக, சலித்துப்போய்,
"இறுக்கம்" என்று அடியுங்கள் என்றாள்.
நாலு நிமிஷத்தில் பச்சை விழுந்தது.

அடுத்தது முகவரி.
இணையக் கடைக்கு எதற்கு முகவரி?
அதிகாரி வந்தால் தட்ட ஒரு கதவு வேண்டாமா, என்றேன்.
வீட்டு வாடகை ஒப்பந்தத்தை எடுத்து வைத்தாள்.
அதில் இருந்த பெயர் ஹிலால்.
மார்ச்சில் பிரிந்தவன்.
வாடகை இவள் கட்டுகிறாள்,
காகிதத்தில் அவன் குடியிருக்கிறான்.
ஆட்சேபணை இல்லை என்று
அவன் ஒரு கையெழுத்துப் போட வேண்டும்.
நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
இந்த வேலையில் அதுதான் மரியாதை.

வியாழக்கிழமை வந்தான்,
துறைமுகச் சீருடையில், நகத்தில் கிரீஸோடு.
ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தான்.
அவனுடைய கடிதம் அச்சாகும்வரை
கடையின் விதிமுறையை அவள் சொல்லச் சொல்ல அடித்தேன்:
பொருந்தாவிட்டால் ஏழு நாளுக்குள் திருப்பி அனுப்பலாம்.
பயன்படுத்திய பிறகு
திரும்ப ஏற்றுக்கொள்ள இயலாது.
அப்புறம் கொஞ்ச நேரம் பிரிண்டர் மட்டும் பேசியது.

அவன் கடிதத்தை இரண்டு முறை படித்தான்.
கையெழுத்திட்டான். பேனாவுக்கு மூடி போட்டான்.
போகாமல் நின்றான்.
"அந்த நீலக் குடுவை என்னிடம்தான் இருக்கிறது.
நான் எடுத்துப் போன அன்று
மூடி எங்கேயோ காய்ந்துகொண்டிருந்தது போல.
இரவு ஷிப்டில் டீ ஆறிவிடுகிறது."

ஸுவைனா நிமிரவில்லை.
"ஐம்பத்திரண்டா, ஐம்பத்து நாலா?"
"உனக்குத் தெரியாதா?"
"பதிவு வரட்டும். ஆர்டர் போடு."

ஒன்பதாம் நாள் வந்தது பதிவு:
சமையல் பாத்திரம், இதர வகை.
விடுதியின் அறுபதுக்கு ரசீது எண் இரண்டு.
ஒன்றாம் எண்ணை அச்செடுக்க என்னிடமே வந்தாள்.
ஹிலால். மூடி, நீலம், ஐம்பத்து நாலு. ஒன்று.
ஒன்றரை ரியால்.
கொண்டுசேர்க்க இன்னொரு ரியால்.
தள்ளுபடிக் கட்டத்தைக் காலியாக விடவா, என்றேன்.
சைபர் போடுங்கள், என்றாள்.
காலியாக விட்டால்
யாராவது எதையாவது எழுதிவிடுவார்கள்.